இடிக்கப்போகும் சீலிங்குக்கு விட்டுவிட்டு வரும் கோடு

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அலுவலகத் தளத்தை மாற்றியமைக்கும் வேலை. பழைய கிரிட் சீலிங்கில் (சட்டங்களில் சதுர ஓடுகள் பொருத்திய சீலிங்) பாதியைக் கழற்ற வேண்டும், மீதி அப்படியே இருக்கும். எதைக் கழற்ற வேண்டும் என்று காட்டும் சீலிங் பிளான் என் தலையில் விழுந்தது. கட்டட வரைபட மென்பொருளான ரெவிட்டில் சுவர் இடிப்பதை எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். சுத்தியல் படம் போட்ட பொத்தானை அழுத்திச் சுவரைத் தொட்டால் போதும், இடிப்பதன் அடையாளமாகக் கோடு விட்டுவிட்டு வந்துவிடும். சீலிங்கும் அப்படித்தான் இருக்கும் என்று அரை நாள் ஒதுக்கினேன். இரண்டரை நாள் தின்றது.

முதலில், ஒரே சீலிங்காக வரைந்திருந்ததை இரண்டாக்க வேண்டியிருந்தது. ஒரு பொருளில் பாதியை மட்டும் இடிப்பதாக ரெவிட்டிடம் சொல்ல முடியாது. பேஸ், அதாவது ஒரு பொருள் வேலையின் எந்த நிலையில் வந்தது, எதில் இடிபடுகிறது என்ற குறிப்பு, பொருள் முழுவதற்கும்தான். ஆகவே சீலிங்கை நகலெடுத்து, ஒவ்வொன்றின் எல்லையையும் திருத்தி, கழற்ற வேண்டிய பாதியைச் சுத்தியலால் தட்டினேன். வியூவில் பேஸ் 'நியூ கன்ஸ்ட்ரக்‌ஷன்', எவையெல்லாம் தெரிய வேண்டும் என்று சொல்லும் பேஸ் ஃபில்டர் 'ஷோ பிரீவியஸ் + டெமோ' (பழையதும் இடிப்பதும்).

வந்தது என்ன? சீலிங்கின் சுற்றுவிளிம்பு மட்டும் விட்டுவிட்டு வந்தது. உள்ளே 600 x 600 மி.மீ. கட்டமெல்லாம் முழுக்கோடாக, இப்போதுதான் மாட்டியதுபோல நின்றது. அச்செடுத்துப் பார்த்த சைட் சூப்பர்வைசர் கேட்டார்: "சார், இது கழட்டுறதா, புதுசா போடுறதா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை.

பேஸ் அமைப்புகளில், தோற்றத்தை மாற்ற உள்ள கிராஃபிக் ஓவர்ரைடைத் திறந்து கோட்டின் வகையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். விளிம்பு மாறியது, கட்டம் அசையவில்லை. லைன்வொர்க் கருவியால் கட்டக்கோட்டைத் தொட்டால் தொடவே விடவில்லை. அப்புறம்தான் உறைத்தது: அந்தக் கட்டம் கோடே அல்ல. சீலிங்குக்குக் கொடுத்த மெட்டீரியலின் மேல்பரப்பு பேட்டர்ன். பேஸில் கோட்டுக்கு என்ன சொன்னாலும் அது பேட்டர்னைச் சேராது.

சரி, பேட்டர்னையே ஓவர்ரைடு செய்வோம் என்றால், அங்கே கிடைப்பது டிராஃப்டிங் பேட்டர்ன் மட்டும். அது காகித அளவில் இயங்குவது. 1:100 வரைபடத்துக்கு 6 மி.மீ. இடைவெளி வைத்தால் 600 கட்டம்போலத் தெரியும். அதே வியூவை 1:50 ஆக்கினால் 300 கட்டமாகிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அதை ஓடுகளோடு பொருத்த முடியாது. விளக்குகள் கட்டத்துக்கு நடுவில் இல்லாமல் கோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டன. எத்தனை ஓடு கழற்ற வேண்டும் என்று காண்டிராக்டர் வரைபடத்தில் எண்ணிப் பார்ப்பவர். அவருக்கு இதைக் கொடுப்பதும் ஒன்று, கொடுக்காமல் இருப்பதும் ஒன்று.

ஆக, கட்டடத்தின் நிஜ அளவில் இயங்கும் மாடல் பேட்டர்ன்தான் வேண்டும், அதுவும் விட்டுவிட்டு வருவதாக. ரெவிட்டில் நேரடியாகச் செய்தால் முழுக்கோட்டுக் கட்டம் மட்டுமே கிடைக்கும். நோட்பேடில் பேட் (.pat) கோப்பு, அதாவது பேட்டர்னை எண்களால் விவரிக்கும் கோப்பு, எழுத வேண்டியதாயிற்று. மேலே அலகு மி.மீ. என்று ஒரு வரி, பேட்டர்னின் பெயர் ஒரு வரி, வகை மாடல் என்று ஒரு வரி, பிறகு கோடுகள். வகை வரியை முதலில் விட்டுவிட்டேன்; கோப்பில் மாடல் பேட்டர்னே இல்லை என்று சொல்லி ரெவிட் திருப்பி அனுப்பிவிட்டது.

கோடுகளை இப்படி எழுதினேன்:

0, 0,0, 0,600, 75,-75
90, 0,0, 0,600, 75,-75

முதல் எண் கோணம். அடுத்த இரண்டும் தொடங்கும் புள்ளி. அதற்கடுத்த ஜோடியில் 600 என்பது கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம். கடைசி ஜோடியில் 75 வரைவது, மைனஸ் 75 விடுவது.

திரையில் அழகாக இருந்தது. ஏ1 தாளில் 1:100 அச்செடுத்ததும் சாயம் வெளுத்தது. 75 மி.மீ. தாளில் முக்கால் மி.மீ.தானே, தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் நிற முழுக்கோடுதான். அதோடு ஒவ்வொரு சந்திப்பிலும் கோடுகள் வலப்பக்கமும் மேல்பக்கமும் மட்டும் கிளம்பின. ஓடு ஓடாக மூலைமட்டம் வைத்ததுபோல இருந்தது. எனக்கு அது கண்ணை உறுத்தியது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்தான், ஆனாலும் விட மனசு வரவில்லை. மாற்றியது:

0, -75,0, 0,600, 150,-150
90, 0,-75, 0,600, 150,-150

150 வரைந்து 150 விட்டால் ஒரு சுற்று 300. அது 600-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது, அதனால் எல்லாச் சந்திப்பும் ஒரே மாதிரி. தொடக்கத்தைப் பாதிக்கோடு, அதாவது 75 பின்னுக்கு இழுத்ததால் சந்திப்பு ஒவ்வொன்றிலும் கூட்டல் குறி விழுகிறது. 200 வரைந்து 150 விட்டுப் பாருங்கள், ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு விதமாக நிற்கும்.

மெட்டீரியலை நகலெடுத்து, மேல்பரப்பு பேட்டர்னில் முன்புறத்துக்கு இதைக் கொடுத்து, சீலிங் டைப்பையும் நகலெடுத்து மாற்றினேன். கட்டம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அலைன் கருவியால் ஒரு கோட்டைப் பிடித்துப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டேன். பேஸ் ஓவர்ரைடில் பேட்டர்னுக்கான பெட்டியைக் காலியாக விட வேண்டும், இல்லையென்றால் அது மேலேறி உட்கார்ந்துகொள்ளும்.

முடிந்தது என்று எழுந்தபோது, இப்போதுள்ள நிலையைக் காட்டும் சீலிங் தாளும் வேண்டும் என்று வாடிக்கையாளரிடமிருந்து கேட்டு வந்தது. அதைத் திறந்தால் அங்கேயும் விட்டுவிட்டுக் கோடு! டைப்பையே மாற்றிவிட்டேனே, எல்லா வியூவிலும் அதுதானே வரும்.

அண்ணா ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார், ரெவிட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் சொன்ன வழி கொஞ்சம் குறுக்குவழிதான். பழைய சீலிங்கைப் பழைய டைப்புக்கே திருப்பி, கமென்ட்ஸில் 'அகற்று' என்று எழுதினேன். அதன்மேல் அதே அளவில் விட்டுவிட்டு வரும் டைப்பில் ஓர் இரட்டை. இரட்டை உருவானதும் இடிபட்டதும் ஒரே பேஸில், அதாவது 'நியூ கன்ஸ்ட்ரக்‌ஷன்'. அப்படிச் செய்தால் ரெவிட் அதை 'டெம்பரரி' (தற்காலிகம்) என்று எடுத்துக்கொள்ளும். இடிப்பு வியூவுக்கு மட்டும் தனி பேஸ் ஃபில்டர் செய்து, டெம்பரரியைக் காட்டச் சொல்லி, 'அகற்று' என்றிருப்பதை வியூ ஃபில்டரால் மறைத்தேன். இப்போதைய நிலையைக் காட்டும் வியூ முந்தைய பேஸ் என்பதால் இரட்டை அங்கே எட்டிப் பார்க்காது. புதிய சீலிங் பிளானில் 'ஷோ கம்ப்ளீட்'. அதில் டெம்பரரி தெரியாது.

ஒரு இடத்தில் மட்டும் சறுக்கியது. சீலிங் பரப்பளவு அட்டவணையின் பேஸ் ஃபில்டர் 'ஷோ ஆல்' என்றே இருந்தது. கழற்றும் பரப்பு இரண்டு மடங்காக வந்து நின்றது. நல்லவேளை, அளவுப்பட்டியல் போவதற்கு முன்பே கண்ணில் பட்டது.

தாளை மறுபடி சைட்டுக்கு அனுப்பினோம். சூப்பர்வைசர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் நான் போனபோது, சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளில் என் கூட்டல் குறிகளின்மேல் மஞ்சள் ஹைலைட்டரால் சாய்வாகக் கோடு இழுத்து வைத்திருந்தார். அனுமதிக்குக் கொடுக்கும் பிளான்களில் இடிக்கும் பகுதியை மஞ்சள் கோடுகளால் நிரப்ப வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது. அவர் கை அதில் பழகிய கை. அடுத்த தளத்துக்கு மஞ்சளையும் சேர்த்தே அனுப்பினேன்.