லேபிளில் எழுதாத ஆழம்

அந்தக் கலவா மீன் இப்போதும் மியூசியத்தில் ஏதோ ஒரு அலமாரியில், ஜாடிக்குள் இருக்கும். லேபிளில் என் கையெழுத்து. மூன்று வருஷம் ஆகிவிட்டது, இன்டர்ன்ஷிப்பில் கற்றது பாதி மறந்தும் போனது, ஆனால் அந்த லேபிளை எழுதிய பத்து நிமிஷம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

மே மாதக் கடைசி வாரம். கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-லேயே விசைப்படகுகளைக் கட்டிவிட்டார்கள், 61 நாள் தடை. மேற்கே குளச்சல் பக்கம் ஜூன் 1-ல்தான் தடை தொடங்கும். எனக்கு வள்ளக்காரர்கள்தான் கதி. விடியும் முன்னே கரையில் நின்று, மியூசியத்தில் இல்லாத மீன் ஏதும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் கரை என்று சொல்லப் போவதில்லை, காரணம் கீழே.

பாட்டா தூண்டில்காரர். கலவாவை எனக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தார், காசும் வாங்கவில்லை. எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இன்ன கோபுரமும் இன்ன மலை உச்சியும் ஒரே நேராக வருகிற இடம், பதினெட்டு பாகம் ஆழம், அடியில் பார் (கடலடிப் பாறைத்திட்டு) என்றார்.

"ஒனக்குப் படிப்புக்கு வேணுமேன்னு சொல்லுதேன் மக்ளே. வேற யாருட்டயும் சொல்லிராத. விசைப்படகுக்காரன் காதுல விழுந்தா பார சுத்தி வாரிட்டுப் போயிருவான்."

"சொல்ல மாட்டேன் பாட்டா."

மத்தியானம் மியூசியத்தில் முதலில் வலப்பக்கத் துடுப்பில் ஒரு துண்டு வெட்டி ஆல்கஹாலில் போட்டோம். ஃபார்மலினில் இறக்கினால் டிஎன்ஏ கெட்டுவிடும். இடப்பக்கத்தைப் போட்டோவுக்காகத் தொடக்கூடாது. அப்புறம் லேபிள். பேனா மை கரைந்துவிடும் என்பதால் பென்சில். மேடம் இடம் கேட்டார்கள், நான் கரையின் பெயரைச் சொன்னேன்.

"மீன் கரையிலயா மேயுது? கடல்ல எங்க, எவ்வளவு ஆழம்?"

"அவருக்குச் சரியாச் சொல்லத் தெரியல மேடம்."

மேடம் தலையாட்டிவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, காப்பாற்றினேன். ஆனால் "சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டார்" என்று சொல்லியிருந்தாலும் காப்பாற்றியிருக்கலாமே? கடலுக்கு அடியில் கிடக்கிற பாரையெல்லாம் மனசில் வரைந்து வைத்திருக்கிற மனுஷனை ஒரே வாக்கியத்தில் ஒன்றும் தெரியாதவராக்கிவிட்டேன். மேடம் நம்பியதுதான் இன்னும் உறுத்துகிறது, ஒரு கேள்விகூட மறுபடி கேட்கவில்லை. கரையில் நிற்கிற ஆளுக்கு அதெல்லாம் தெரியாது என்பது அங்கே சாதாரணமாகப் போனது, அதை நானும் தெரிந்தேதான் பயன்படுத்திக்கொண்டேன் போல.

இன்டர்ன்ஷிப் பிள்ளை மேடத்திடம் "சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட முடியுமா? சான்றிதழில் கையெழுத்து அவர்களுடையது. இப்படியும் யோசிப்பேன். துல்லியமான இடத்தைப் பதிவில் வைத்துக்கொண்டு வெளியே மாவட்டப் பெயரை மட்டும் காட்டுகிற வழக்கம் மியூசியங்களில் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, கேட்டிருந்தால் மேடமே வழி சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி ஹாஸ்டலில் கோபுரம், மலை எல்லாவற்றையும் பக்கத்துக் கட்டில்காரியிடம் கதையாகச் சொன்னேன், பெயரோடு. அவளுக்கு ஊர் கோயம்புத்தூர், அவள் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இடத்தை விடுங்கள், ஆழத்தையாவது எழுதியிருக்கலாம். ஆழத்தை வைத்து யாரும் அந்தப் பாரைக் கண்டுபிடித்துவிட முடியாது. மேடம் கேட்டபோது நோட்டு என் பையில்தான் இருந்தது. பதினெட்டு பாகம், பாகத்துக்கு ஆறடி, 108 அடி, ஏறக்குறைய 33 மீட்டர். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.