லாபம் வந்த பிறகு என்ன நடக்கிறது?

சமூக நிறுவனம் என்றால் லாபம் பார்க்காத நிறுவனம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பொருளையோ சேவையையோ விற்று, அந்த வருமானத்தில்தான் அதுவும் நடக்கிறது. தொடர்ந்து நஷ்டம் வந்தால் எந்தத் தொழிலையும் போல அதுவும் மூடப்படும். வித்தியாசம் தெரிவது லாபம் வந்த பிறகுதான்.

வழக்கமான நிறுவனத்தில் மிஞ்சும் பணம் பங்குதாரருக்குச் சொந்தம். சமூக நிறுவனத்தில் அதன் பெரும்பகுதி எடுத்துக்கொண்ட சமூகப் பணிக்கே திரும்பப் போகவேண்டும். வங்கதேசத்தில் கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகமது யூனுஸ் முன்வைத்த வடிவம் இன்னும் கறார்: முதலீட்டாளருக்குப் போட்ட பணம் மட்டுமே திரும்பக் கிடைக்கும், அதற்குமேல் பங்காதாயம் கிடையாது. பிரிட்டனில் 2005 முதல் பதிவாகும் 'சமூக நல நிறுவனங்கள்' பங்காதாயம் தரலாம், ஆனால் பகிரத்தக்க லாபத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நிறுவனத்தைக் கலைத்தாலும் மிஞ்சும் சொத்து, இதேபோலத் தன் சொத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாதபடி பூட்டுப்போட்ட இன்னோர் அமைப்புக்கோ அறக்கட்டளைக்கோதான் போகும். என்னைக் கேட்டால், ஒரு நிறுவனத்தின் இலட்சிய வாசகத்தைவிட இந்த ஒரு விதியைத்தான் முதலில் தேடிப் படிக்க வேண்டும். சொத்தைப் பூட்டும் விதி இல்லையென்றால், நாளை வாங்குபவர் நோக்கத்தையே மாற்றிவிடலாம்.

நடைமுறையில் சறுக்குவது பெரும்பாலும் விலைக் கணக்கில். ஒரு சேவைக்குத் தலைக்கு 60 ரூபாய் செலவு, வசதியுள்ளவரிடம் 100 ரூபாய் கட்டணம், இல்லாதவருக்கு இலவசம் என்று வைத்துக்கொள்வோம். 100 பேரில் 60 பேர் கட்டணம் கட்டினால், அவர்களுக்கான செலவு போக மிச்சம் 2,400 ரூபாய். 40 பேருக்கான இலவசச் சேவைக்கும் சரியாக அதே 2,400. கட்டுபவர்கள் 55 ஆகக் குறைந்தால் மிச்சம் 2,200, இலவசத்துக்கு வேண்டியது 2,700. வெறும் 5 பேர் இடம் மாறியதில் 500 ரூபாய் பள்ளம்! லாபத்துக்காக நடக்கும் நிறுவனம் இலவசத்தை நிறுத்திவிட்டுப் போய்விடும். சமூக நிறுவனத்தால் அது முடியாது, இலவசம்தான் அதன் வேலையே. அதனால் 60-40இல் சரிக்குச் சரி நிற்பது ஆபத்து. 65 பேராவது கட்டும்படி திட்டமிட்டு, மிஞ்சுவதைக் கையிருப்பாக ஒதுக்க வேண்டும்.

கடனும் முதலீடும் வாங்கும்போது இன்னொரு சிக்கல் வரும். ஐந்தாண்டில் பல மடங்கு திருப்பிக் கேட்கும் முதலீட்டாளரை உள்ளே விட்டால், ஏழை வாடிக்கையாளர் மெல்ல ஓரங்கட்டப்படுவார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஒவ்வொரு காலாண்டு இலக்கும் அந்தப் பக்கமே தள்ளும்.

கணக்கும் இரண்டு வைக்க வேண்டும். பணக் கணக்கை எல்லோரும் ஒழுங்காகவே வைக்கிறார்கள். பயன் கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள். '500 பேருக்குப் பயிற்சி தந்தோம்' என்பது செய்த வேலையின் அளவு மட்டுமே. ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் வேலையில் நீடிக்கிறார்கள் என்று எண்ணி, பயிற்சி இல்லாமலே எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கும் என்பதை அதிலிருந்து கழித்த பிறகு நிற்கும் எண்தான் பயன். அதை ஆண்டறிக்கையில் லாப நஷ்டக் கணக்குக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.