ஷோச்சித்ல்: பொருளும் இயைபும்

ஆஸ்டெக் மக்களின் நவாட்டில் மொழியில் ஷோச்சித்ல் என்றால் பூ. 260 நாள் கொண்ட அவர்களின் சடங்கு நாட்காட்டியில் சுற்றிச் சுற்றி வரும் 20 நாள்குறிகளில் கடைசிக் குறியும் இதுதான். மெக்சிகோவில் இன்றும் பெண் குழந்தைகளுக்கு இந்தப் பெயரை வைக்கிறார்கள். வீட்டில் ஷோச்சி என்று சுருக்கிக் கூப்பிடுவதுண்டு.

உச்சரிப்பில் தடுமாற வைப்பது கடைசி 'த்ல்'. அது இரண்டு ஒலியல்ல, ஒன்று. 'ல்' சொல்லும்போது நாக்கு நுனி எங்கே படுகிறதோ அங்கேயே அழுத்தி வைத்து, குரல் எழுப்பாமல், நாக்கின் பக்கவாட்டில் காற்றை மட்டும் விடுங்கள். நடுவில் இகரம் நுழைந்து 'ஷோச்சிடில்' ஆனால் ஈரசைப் பெயர் மூவசையாகிவிடும். அழுத்தம் 'ஷோ'வில். ஸ்பானிய வாய்க்கு இந்த ஒலி வராததால் 'சோச்சில்' என்றும் கேட்கலாம்.

இயைபுக்கு மிக அழகான ஜோடி கோமித்ல், அதாவது பானை: அதே நெடில் ஓகாரம், அதே 'இத்ல்'. தெகித்ல் (வேலை), இல்வித்ல் (திருநாள்) ஆகியவை ஈற்றில் மட்டும் ஒத்து ஒலிக்கும்.

ஆனால் 'த்ல்' வெறும் பெயர் விகுதி. 'என் பூ' என்றால் நோஷோச்சிவ். விகுதி போய்விட்டது, இயைபும் போயிற்று. ஷோச்சிமில்கோ என்ற ஊர்ப்பெயரிலும் 'ஷோச்சி' மட்டுமே நிற்கிறது. நவாட்டில் பாடல்கள் ஈற்று இயைபை நம்பியவையும் அல்ல. இணைச்சொற்களே அவற்றின் உயிர்: 'பூ, பாட்டு' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கவிதை என்று பொருள்.