கூடுதல் இறப்பு: எதைக் கழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம்

கொள்ளைநோய்க் காலத்தின் கூடுதல் இறப்பு என்பது ஒரே ஒரு கழித்தல். நடந்த இறப்புகளிலிருந்து, நோய் வராமல் இருந்திருந்தால் எத்தனை நடந்திருக்குமோ அதைக் கழிக்க வேண்டும். முதல் எண் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டாவது எண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, நாம்தான் மதிப்பிட்டாக வேண்டும். பெரிய பிழைகள் அந்த வழியாகத்தான் நுழைகின்றன.

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு 1.49 கோடி கூடுதல் இறப்புகள். நாடுகள் கோவிட் மரணம் என்று அறிவித்தவை சுமார் 54 லட்சம். பரிசோதனை நடந்ததா, சான்றிதழில் என்ன காரணம் எழுதினார்கள் என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. பரிசோதனை கிடைக்காமல் வீட்டிலேயே இறந்தவரும் இதில் வந்துவிடுகிறார். இதைச் சரியாகப் போட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதும் அதனால்தான்.

பலரும் செய்வது ஐந்தாண்டுச் சராசரி. அதன் சிக்கலை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு பகுதியில் 2015 முதல் 2019 வரை இறப்புகள் 50,000, 51,000, 52,000, 53,000, 54,000. 2020இல் 60,000. சராசரி 52,000, எனவே கூடுதல் 8,000. ஆனால் ஆண்டுக்கு ஆயிரம் ஏறிவரும் போக்கைப் பார்த்தால் 2020க்கு எதிர்பார்க்க வேண்டியது 55,000, கூடுதல் 5,000தான். மக்கள்தொகை முதுமையடையும் இடங்களில் இந்த ஏற்றம் இயல்பானது. வயதுவாரித் தரவு கிடைத்தால் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் இறப்பு விகிதத்தின் போக்கைத் தனியாகப் பொருத்தி, அந்தந்த ஆண்டின் மக்கள்தொகையால் பெருக்குங்கள். அதுவே நேர்மையான வழி.

அதற்காக வளைந்து கொடுக்கும் கோட்டைப் பொருத்தினால் வேறு ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் முதல் மதிப்பீட்டில் ஜெர்மனிக்கு இதுதான் நேர்ந்தது. 2019இல் இறப்புகள் சற்றுக் குறைந்திருந்ததால், ஸ்ப்லைன் எனப்படும் அந்த நெகிழ்வான வளைவு இந்த இறக்கத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்ப்பைக் கீழே இழுத்துவிட்டது. பிறகு முறையைத் திருத்தியதும் 1.95 லட்சம் என்றிருந்தது சுமார் 1.22 லட்சமானது. ஐந்து புள்ளிகளை வைத்து முன்னோக்கி நீட்டும்போது நேர்கோடே போதும்.

நாட்காட்டியும் ஏமாற்றும். 2020 லீப் ஆண்டு. மேலே சொன்ன கணக்கில் ஒரு நாள் என்பது சுமார் 150 இறப்பு. வாரக் கணக்கு போட்டால், வாரங்களை எண்ணும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ முறைப்படி 2020க்கு 53 வாரங்கள். 2016 முதல் 2019 வரை 52தான். 53ஆம் வாரத்துக்கு ஒப்பிட 2015 மட்டுமே மிஞ்சும். வாரவாரியாகச் சராசரி எடுப்பதைவிட, ஆண்டுப் போக்கும் பருவகால அலையும் சேர்ந்த ஒரு கணித மாதிரியைப் பொருத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது பதிவுத் தாமதம். இறந்த தேதி வேறு, பதிவான தேதி வேறு. இறந்த தேதிப்படி அடுக்கினால் கடைசி வாரங்கள் எப்போதும் சரிவதுபோலத் தெரியும். அலை அடங்கிவிட்டது என்ற தவறான செய்திகள் இப்படித்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு வாரமும் தரவின் பிரதியைத் தேதியிட்டுச் சேமியுங்கள். நான்கு வாரம் கழித்து 90% பதிவாகிறது என்று பழைய பிரதிகள் காட்டினால், இப்போது தெரியும் 720ஐ 0.9ஆல் வகுத்து 800 என்று கொள்ளலாம். பேரிடரில் அலுவலகங்கள் மூடினால் அந்த 90% மாறிவிடும், ஆகவே அண்மைப் பிரதிகளையே நம்புங்கள். பாதிகூடப் பதிவாகாத வாரங்களை வரைபடத்திலிருந்தே நீக்கிவிடலாம்.

பதிவே முழுமையாக இல்லாத இடங்களில், இறப்புகளில் பதிவாகும் பங்கு ஆண்டுதோறும் 80% என்று மாறாமல் இருந்தால் 5,000ஐ 0.8ஆல் வகுக்க 6,250 வரும். சதவீதமாகச் சொன்னால் வகுக்கவே வேண்டாம், பின்னத்தின் மேலும் கீழும் உள்ள 0.8 அடிபட்டுவிடும். கொள்ளைநோய் ஆண்டில் பதிவு திடீரென்று மேம்பட்டிருந்தால் அந்த மேம்பாடே கூடுதல் இறப்பாக வேடம் போடும். நிவாரணத்துக்குச் சான்றிதழ் தேவைப்படும்போது இதைக் கட்டாயம் சோதியுங்கள்.

பிழை வரம்பு விஷயத்தில் ஒன்று: வாராந்தர வரம்புகளின் மேல் எண்களைக் கூட்டி ஆண்டு வரம்பு என்று சொல்லக் கூடாது, அது மிக அகலமாகிவிடும். வாரங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக் கூட்டினால் மிகக் குறுகிவிடும், ஏனெனில் போக்கின் சாய்வு தவறினால் எல்லா வாரமும் ஒரே பக்கம் தவறும். மாதிரியின் கெழுக்களை, அதாவது சாய்வு போன்ற எண்களை, அவற்றின் பிழை வரம்புக்கேற்ப ஆயிரம் முறை குலுக்கி எடுத்து, தற்செயல் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஆண்டுத் தொகையைப் போட்டு, 2.5ஆம், 97.5ஆம் சதமானங்களை எடுங்கள். தற்செயலுக்குப் பாய்சான் பரவல் (சிதறலும் சராசரியும் சமம் என்று கொள்வது) மட்டும் போதாது. உண்மையான சிதறல் அதைவிட அதிகம், அதற்கு இடம் தரும் எதிர்ம ஈருறுப்புப் பரவல் பொருந்தும்.

சில வாரங்களில் விடை கழித்தல் குறியோடு வரும். 2020-21 குளிர்காலத்தில் பல நாடுகளில் வழக்கமான ஃப்ளூ ஏறக்குறைய வரவே இல்லை. முந்தைய அலையில் இறந்தவர்களில் சிலர் எப்படியும் அடுத்த சில மாதங்களில் இறந்திருக்கக்கூடியவர்கள். அந்த வாரங்களைப் பூஜ்யமாக்கிக் கூட்டினால் தொகை வீங்கும். குறியோடு அப்படியே கூட்டுங்கள்.