அந்த உலோகம் எங்கே போனது?

நண்பர் ஒருவர் பல மாதங்களாகச் சேர்த்துவைத்திருந்த நாணயங்களை ஒரு சிறிய டப்பாவில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். எல்லாமே நாணயச்சாலையில் பிழையாக அச்சானவை என்பது அவருடைய நம்பிக்கை. மேசை விளக்கின் கீழ் வைத்து, லென்ஸால் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபோது, உண்மையான பிழை நாணயம் என்று ஒன்றைத்தான் என்னால் எடுத்துவைக்க முடிந்தது. மற்றவை வெளியே வந்தபின் நசுங்கியவை, உரசியவை அல்லது யாரோ வேண்டுமென்றே கைவைத்தவை. தொடக்கத்தில் நானும் இதே தவற்றைப் பலமுறை செய்திருக்கிறேன். நாணயம் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேனே தவிர, அது எந்தக் கட்டத்தில் அப்படி ஆகியிருக்க முடியும் என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தெரிய, நாணயம் பிறக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன, சூடேற்றி மென்மையாக்கப்படுகின்றன, ஓரம் சற்றே மேடாகும்படி சுற்றிலும் அழுத்தப்படுகின்றன, அதன்பின், ஒரு வளையத்துக்குள் அடங்கியபடி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே பெரும் விசையோடு அடிபடுகின்றன. அந்த அடியில் உலோகம் பிசைந்த மாவைப்போல் நகர்ந்து அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. ஆகவே உண்மையான பிழை எதுவானாலும், அதைச் சுற்றி உலோகம் நகர்ந்த தடம் இருக்கும்; பின்னால் ஏற்பட்ட சேதத்தில், ஏற்கெனவே முழுமையாக அச்சான ஒன்று சிதைந்த தடம்தான் இருக்கும்.

டப்பாவில் அவர் மிகவும் பெருமையாக எடுத்துக்காட்டியது, ஓரத்தில் பிறை வடிவில் கடித்தெடுத்ததுபோல் இருந்த ஒரு நாணயம். தகடு போதுமான தூரம் நகராமல் நின்றுவிட்டால், வெட்டுக்கருவி முன்பு வெட்டிய துளையின்மேலேயே ஓரளவு விழும். வில்லையில் இப்படிப் பிறைக்குறை உண்டாவது உண்மைதான். ஆனால் அந்தக் குறை, ஓரம் அழுத்தப்படுவதற்கு முன்பே வில்லையில் இருக்கிறது. அழுத்தும் கருவியில் குறையுள்ள பக்கம் பிடிமானம் இல்லாமல் போவதால், நேர் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழுவதில்லை. அங்கே விளிம்பு மங்கிப்போகும், சில சமயம் அடியோடு இல்லாமலே போகும். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். எல்லாப் பிறை நாணயங்களிலும் இது தெளிவாகத் தெரியும் என்று சொல்வதற்கில்லை என்றாலும், நான் முதலில் பார்ப்பது குறையை அல்ல, அதன் எதிர்ப்பக்கத்தைத்தான். அடுத்துப் பார்ப்பது குறைக்கு அருகிலுள்ள எழுத்துகளை: அடி விழும்போது காலியான பக்கம் நோக்கி உலோகம் வழிவதால், அவை சற்றே நீண்டு மங்கி முடியும். நண்பரின் நாணயத்திலோ எதிர்விளிம்பு முழு உயரத்தோடு நின்றது. குறையை ஒட்டியிருந்த எழுத்து கத்தரித்தாற்போல் பாதியில் நின்றது. வெட்டுமுகத்தில் அரம் ஓடிய இணைகோடுகள் தெரிந்தன. இங்கே தராசு உதவாது, ஏனென்றால் பிழையானாலும் அறுத்ததானாலும் எடை குறைவாகத்தான் இருக்கும்.

மேடா, பள்ளமா என்று பார்ப்பது இன்னும் எளிது. அச்சில் விரிசல் விட்டால், அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து நாணயத்தில் மேடான கோடாக எழும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்தால் அந்த இடம் உருவமில்லாத மேட்டுத் திட்டாகிவிடும். பள்ளமான கோடு பெரும்பாலும் கீறல்தான். விதிவிலக்குகள் உண்டு: அடிக்கும்போது நூலோ கம்பித்துண்டோ நடுவில் சிக்கினாலும் பள்ளம் விழும், உலோகத்தின் மேல்தோல் உரிந்தாலும் பள்ளம் விழும். ஆனால் அப்போது பள்ளத்தின் கரையில் உலோகம் பிதுங்கி நிற்காது. கீறலில் பெரும்பாலும் நிற்கும்.

அதிகம் பேர் ஏமாறுவது இரட்டிப்பில்தான், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அச்சையே உருவாக்கும்போது, மூல அச்சு அதன்மேல் இரண்டுமுறை, சிறிது விலகி அழுத்தப்பட்டுவிட்டால், அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் எழுத்துகள் இரண்டாகத் தெரியும். இதுதான் டபுள் டை. 1955-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் இதற்குப் புகழ்பெற்ற சான்று. இதில் இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டு முழு எழுத்துகளாகவே நிற்கும், எழுத்தின் முனைகளில் பிளவு தெரியும், எழுத்து தடித்திருக்கும். மாறாக, தளர்ந்த அச்சு அடித்த கையோடு சற்றே அசைந்துவிட்டால், அப்போதுதான் எழுந்த எழுத்தின் பக்கத்தை அது நசுக்கித் தட்டையான படியாக்கிவிடும். அந்தப் படி தாழ்ந்து, பளபளத்து, எழுத்தின் அகலத்திலிருந்தே திருடப்பட்டதாக இருக்கும். எழுத்து தடித்ததா, மெலிந்ததா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அதே 1955-இல், தேய்ந்த அச்சினால் கடைசி 5 மட்டும் நிழல் விழுந்ததுபோல் தெரியும் சென்ட் ஒன்று, ஏழையின் டபுள் டை என்ற பெயரில் இன்றும் கைமாறுகிறது. அந்தப் பெயர் புதியவர்களுக்குச் செய்யும் தீங்கு கொஞ்சமல்ல என்பது என் கருத்து.

தராசும் காந்தமும் பேசும் இடம் வேறு. போரின்போது செம்பைச் சேமிக்க, 1943-இல் அமெரிக்க சென்ட் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டது, எடை 2.70 கிராம். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகளில் சில இயந்திரத்தில் தங்கிவிட்டதால், மிகச் சில நாணயங்கள் அவற்றில் அச்சாயின. அவை 3.11 கிராம் இருக்கும், காந்தத்தில் ஒட்டாது. செம்புநிறத்தில் 1943 என்று காட்டப்படுபவற்றுள் பல, எஃகின்மேல் செம்பு பூசியவை. காந்தத்தைக் காட்டியதும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றாலும் அவசரப்படக் கூடாது: 1948-இன் 8-ஐ இடப்பக்கம் செதுக்கி 3 ஆக்கியவையும் உண்டு. அங்கே லென்ஸ்தான் கடைசி வார்த்தை சொல்லும்.

நண்பரின் டப்பாவில் நான் எடுத்துவைத்த அந்த ஒரு நாணயத்தில்தான் அவருக்கு நம்பிக்கையே இல்லை. தேய்ந்துபோனது என்று நினைத்திருந்தார். ஆண்டெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அதில் ஏறக்குறைய மறைந்திருந்தன. யாராவது தேய்த்து அழித்திருந்தால் அந்த இடம் சற்றே தாழ்ந்து, கோடுகளோடு இருந்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து நாணயத்தை மெல்லத் திருப்பினேன்: அச்சடித்தபோது உண்டான மினுமினுப்பு அந்த இடத்தின் வழியாகத் தடையில்லாமல் ஓடியது, சுற்றியிருந்த எழுத்துகள் கூர்மையாக நின்றன, மறைந்த இலக்கங்களின் மேல்வளைவு மட்டும் மூச்சுபட்டதுபோல் மங்கலாகத் தெரிந்தது. அச்சின் பள்ளத்தில் கெட்டியான மசகும் உலோகத்தூளும் அடைத்துக்கொண்டிருந்ததால், உலோகம் அதற்குள் ஏற முடியாமல் போயிருக்கிறது.