கடலோரப் பள்ளி மாவட்டம்: ஆசிரியர்கள் எதைப் பார்த்து வருகிறார்கள், எதைப் பார்த்துத் தங்குகிறார்கள்

அமெரிக்காவின் கடலோரப் பள்ளி மாவட்டங்களுக்கு வரும் விண்ணப்பக் கடிதங்களில் கடல் தவறாமல் இடம்பெறும். விலகல் கடிதங்களில் அதைக் காண முடியாது. அங்கே வீட்டு வாடகை வரும், கணவனுக்கோ மனைவிக்கோ ஊரில் வேலை கிடைக்கவில்லை என்பது வரும். கடல் ஒருவரை விண்ணப்பிக்க வைக்கும், அவ்வளவுதான். ஐந்தாம் வருடமும் அவர் அங்கேயே இருப்பாரா என்பது வேறு சங்கதிகளைப் பொறுத்தது: மாவட்டத்துக்குப் பணம் எந்த வழியில் வருகிறது, சம்பள அட்டவணையில் எந்தப் படியில் வைத்தார்கள், கோடையில் குடியிருக்க வீடு உண்டா.

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் தனி நிர்வாகம். பெரும்பாலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம், தனி வரவுசெலவு, ஆசிரியர்களோடு தனி ஒப்பந்தம். நாடு முழுக்க ஏறக்குறைய 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. புளோரிடாவில் கவுண்டிக்கு (மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பிரிவு) ஒன்றாக 67, ஹவாயில் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. கலிபோர்னியாவில் பக்கத்துப் பக்கத்துக் கடற்கரை ஊர்கள் இரண்டு மாவட்டங்களாக இருக்கும், சம்பளமும் வேறுவேறாக இருக்கும். அதனால் ‘கடலோரத்தில் வேலை’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கலிபோர்னியாவையே எடுத்துக்கொள்வோம். 2013இல் வந்த நிதிச் சூத்திரப்படி, மாணவர் வருகையை வைத்து ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தொகை கணக்கிடப்படுகிறது. உள்ளூர்ச் சொத்து வரி அதற்குக் குறைந்தால் மீதியை மாநிலம் தரும். கூடினால் கூடுதலை மாவட்டமே வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாம் வகைக்கு ‘பேசிக் எய்டு’ மாவட்டம் என்று பெயர். லகூனா பீச், கார்மல் போன்ற ஊர்கள் இதில் வரும். காரணம் எளிது. கடலைப் பார்த்த வீடுகளின் விலை அதிகம், வரியும் அதிகம். அவற்றில் பல விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகள். அந்த வீட்டுக்காரர்கள் வரி கட்டுவார்கள், பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். வரி ஏறி மாணவர் எண்ணிக்கை இறங்கும்போது தலைக்கு விழும் பணம் பெருகுகிறது. வகுப்பில் பிள்ளைகள் குறைவு, இசைக்கும் ஓவியத்துக்கும் முழுநேர ஆசிரியர் என்ற வசதிகள் இப்படித்தான் வருகின்றன.

டெக்சாஸில் இதே கடற்கரைச் செல்வம் ஆசிரியருக்கு அந்த அளவுக்குப் பயன்படாது. 1993 முதல் அங்கே சொத்து வளம் மிகுந்த மாவட்டங்கள் தம் வரியில் ஒரு பகுதியை மாநிலத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘ராபின் ஹூட்’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். போர்ட் அரான்சஸ் போன்ற சிறு கடற்கரை மாவட்டம் வசூலிக்கும் வரியைப் பார்த்துச் சம்பளத்தைக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வட கரோலினாவில் வேறு ஏற்பாடு: அடிப்படைச் சம்பளத்தை மாநில அட்டவணை தீர்மானிக்கும், அதற்கு மேல் கவுண்டி ஒரு கூடுதல் தொகை போடும். அங்கே விசாரிக்க வேண்டியது அந்தக் கூடுதலைத்தான்.

சம்பள அட்டவணை பெரும்பாலும் ஒரு கட்டம். கீழ்நோக்கிப் போனால் பணியாண்டுகள், பக்கவாட்டில் போனால் படிப்பு: பட்டம், பட்டத்துக்கு மேல் 30 கல்லூரிப் பாட அலகுகள், முதுகலை என்று. வேலைக்குப் புதிதாகச் சேருபவருக்கு இதில் சிக்கல் இல்லை. பன்னிரண்டு, பதினைந்து வருடம் வேறு மாவட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வருபவர்தான் அடிபடுகிறார். வெளி அனுபவத்தில் இத்தனை வருடம்தான் கணக்கில் கொள்வோம் என்று பல மாவட்டங்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. வரம்பு ஐந்து என்றால் பதினைந்து வருட அனுபவசாலி ஆறாம் படியில் உட்காருவார். அந்த இழப்பு ஒரு வருடத்தோடு தீராது, ஓய்வுபெறும் வரை கூடவே வரும். ஓய்வூதியமும் கடைசிச் சம்பளங்களை வைத்துக் கணக்கிடப்படுவதால் அதன் பிறகும் வரும். பணியாளர் பிரிவில் எந்தப் படி என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும்: சம்பளத்தைப் பத்து மாதமாகப் பிரிப்பார்களா, பன்னிரண்டாகவா? பத்து என்றால் வாடகை உச்சத்தில் இருக்கும் ஜூலையில் கையில் வரவு இருக்காது.

ஓய்வூதியத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உரிமை உறுதியாக கலிபோர்னியாவில் 5 ஆண்டு போதும், மாசச்சூசெட்ஸில் 10 ஆண்டு வேண்டும். கலிபோர்னியா, மாசச்சூசெட்ஸ், லூசியானா, மெயின் உள்ளிட்ட மாநிலங்களில் ஆசிரியர்கள் பொதுவாகக் கூட்டரசின் ஓய்வூதியத் திட்டமான சமூகப் பாதுகாப்பு நிதியில் சேர்க்கப்படுவதில்லை. முன்பு வேறு வேலையில் அந்த நிதிக்குக் கட்டியவர்களின் பலன் இதனால் குறைக்கப்பட்டு வந்தது. 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் அந்தக் குறைப்பை நீக்கிவிட்டது. பழைய கணக்கை நம்பி இந்த மாநிலங்களை ஒதுக்கியவர்கள் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இனி வீடு. கடலோர மாவட்டத்தில் ஆசிரியர் வேலையின் பாதிப் பிரச்சினை இதுதான், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சுற்றுலாக் கடற்கரைகளில் வீட்டுக்காரருக்குக் கோடையின் சில வாரங்களில் வரும் பணம் குளிர்கால மாதங்கள் முழுக்க வரும் வாடகைக்கு ஈடாகிவிடும். அதனால் செப்டம்பரிலிருந்து மே அல்லது ஜூன் வரைக்கும் மட்டுமே வீடு கொடுப்பார்கள். மாசச்சூசெட்ஸின் மார்த்தாஸ் வின்யார்ட், நாண்டக்கெட் தீவுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை சாமான் மூட்டையோடு வீடு மாறுவதற்கு ‘ஷஃபிள்’ என்று பேரே வைத்துவிட்டார்கள். பள்ளி நாட்காட்டி இதோடு இசைவதாகத் தோன்றும். ஆனால் தெற்கு மாநிலங்களில் புதிய ஆசிரியருக்கான பயிற்சி ஆகஸ்டில், சுற்றுலா முடியும் முன்பே தொடங்கிவிடும். வேலை ஏப்ரலில் கிடைத்திருக்கும், வந்து இறங்கும் வாரத்தில் ஊரிலேயே அதிக வாடகை நடக்கும். முதல் வருடத்திலேயே விலகுபவர்களில் பலர் வகுப்பறையைக் கண்டு பயந்து போகிறவர்கள் அல்ல, இந்த ஆகஸ்டில் சேமிப்பைக் கரைத்துவிட்டவர்கள்.

இதைப் புரிந்துகொண்ட மாவட்டங்கள் தாமே வீடு கட்டின. சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம் 2018இல் 3.3 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு (ஊரார் சொத்து வரியில் அடைக்கும் கடன்) மக்களிடம் வாக்குக் கேட்டு வாங்கி, ஊழியர்களுக்கென்று 122 வீடுகளை 2022இல் திறந்தது. வட கரோலினாவின் டேர் கவுண்டியில் கில் டெவில் ஹில்ஸில் 24, ஹேட்டரஸ் தீவின் பக்ஸ்டனில் 12 என்று ஆசிரியர் குடியிருப்புகள் உண்டு. மெயின் மாநிலத்தின் சிறு தீவுகளில் ஓராசிரியர் பள்ளி இன்னும் நடக்கிறது. அங்கே வேலையோடு வீடும் சேர்ந்து வராவிட்டால் யாரும் போக முடியாது. என் கணிப்பில், ஒரே சம்பளம் தரும் இரண்டு கடலோர மாவட்டங்களில் ஊழியர் குடியிருப்பு உள்ளதையே கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம். குடியிருப்பில் எத்தனை வருடம் இருக்க விடுவார்கள், வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டும்.

கடற்கரை ஊர் என்றால் பணக்காரப் பிள்ளைகள் என்று நினைத்து வருபவர்களுக்கு முதல் மாதம் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். விடுதி அறைகளைச் சுத்தம் செய்பவர், உணவகச் சமையல்காரர், இறால் படகில் போகிறவர் ஆகியோரின் பிள்ளைகள்தான் பல பள்ளிகளில் வகுப்பை நிறைக்கிறார்கள். பருவம் முடிந்தால் வீட்டு வருமானம் நின்றுவிடும். வேறு இடம் கிடைக்காமல் மோட்டல் அறையிலோ உறவினர் வீட்டிலோ ஒண்டியிருக்கும் பிள்ளை 1987இன் மெக்கின்னி-வென்டோ சட்டப்படி வீடற்ற மாணவர். ஆவணம் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும், முன்பு படித்த பள்ளியிலேயே தொடர விரும்பினால் போக்குவரத்தும் தர வேண்டும். பெற்றோர் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். மே மாதத்தில் முகவரி மாறுவதையும் பிள்ளை தூங்கி வழிவதையும் கவனிக்கும் வகுப்பாசிரியர்தான் மாவட்டத்தின் தொடர்பு அலுவலரிடம் சொல்ல வேண்டியவர். புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கூட்டரசுத் திட்டம் பண்ணை வேலைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மீன்பிடித் தொழிலும் அதில் அடக்கம். கடந்த 36 மாதங்களில் அந்தத் தொழிலுக்காகப் பள்ளி மாவட்டம் விட்டு மாவட்டம் மாறிய குடும்பமா என்பதுதான் கேள்வி.

இப்படிப்பட்ட பள்ளிகளில் வேலை பார்ப்பதற்குப் பண வகையிலும் ஒரு பலன் உண்டு. குறைந்த வருமானப் பள்ளியில் தொடர்ந்து 5 ஆண்டு முழுநேரமாகக் கற்பித்தால், உயர்நிலைக் கணிதம், அறிவியல் ஆசிரியருக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும் கூட்டரசுக் கல்விக் கடனில் 17,500 டாலர் வரை தள்ளுபடி, மற்றவர்களுக்கு 5,000 வரை. எந்த அரசுப் பள்ளியிலும் தகுதியான 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் வேறு திட்டம் இருக்கிறது. ஒரே காலத்தை இரண்டுக்கும் கணக்குக் காட்ட முடியாது. கடன் பெரிதாக இருப்பவர் முதல் திட்டத்தில் அவசரப்பட்டு இறங்கினால் இரண்டாவதில் ஐந்து வருடம் பின்தங்குவார்.

கடல் உண்மையில் வேலையை இனிமையாக்குவது அறிவியல் வகுப்பில்தான். பசிபிக் கரையில் ஓதம் (கடல்மட்டம் நாளும் ஏறி இறங்குவது) நன்றாக வற்றி பாறைக் குட்டைகள் வெளியே தெரிவது வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் அதிகாலையில். குளிர்காலத்தில் அதே வற்றம் பிற்பகலில் வரும். வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளும். புதிய ஆசிரியர் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது: மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்து, பேருந்து கேட்டு, அனுமதிச் சீட்டெல்லாம் வாங்கிய பிறகு ஓத அட்டவணையைப் பார்ப்பார். வற்றம் காலை ஆறரைக்கு. பேருந்துகளோ எட்டரை வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருக்கும். போய்ச் சேரும்போது குட்டைகள் தண்ணீருக்குள். சரியான வரிசை தலைகீழ்: முதலில் அட்டவணை, வற்றம் ஒன்பதரை பத்துக்கு விழும் நாட்கள், பிறகு பேருந்து, கடைசியாகச் சீட்டு. வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் நின்று, தண்ணீர் திரும்பியதும் ஏறிவிட வேண்டும். அலைக்கு முதுகு காட்டாமல் நிற்பதற்கென்றே ஒரு பெரியவரை வேறு வேலை தராமல் நிறுத்த வேண்டும்.

அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் நாட்காட்டியைப் புயல் ஆட்டிவைக்கும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை பருவம், உச்சம் செப்டம்பர் நடுவில். வகுப்பு ஒழுங்குக்கு வரத் தொடங்கும் ஐந்தாம் ஆறாம் வாரத்தில் பள்ளி மூடும். திறந்ததும் மறுபடி முதல் நாள் போலத்தான். புளோரிடாவில் பள்ளிக் கட்டடங்களே புகலிடங்கள், அங்கே பணியாற்ற ஊழியர்களை அழைப்பார்கள். மூடுவதற்கு முந்தைய பிற்பகலில் செய்ய வேண்டியது சொற்பம்தான், யாராவது மறப்பார்கள்: மின்கருவிகளைச் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பது, ஜன்னலோர மேசைகளை உள்ளே இழுப்பது, தரையிலும் அடித் தட்டிலும் உள்ள புத்தகங்களை மேலே ஏற்றிப் பிளாஸ்டிக் உறை போடுவது. சொந்தக் காசில் வாங்கிய புத்தகங்களை மாவட்டக் காப்பீடு பொதுவாக ஈடுகட்டாது. மூடியுள்ள பெட்டிகளில் வகுப்பு நூலகத்தை வைப்பது கோடைக்கும் உதவும். விடுமுறையில் குளிர்சாதனத்தைக் குறைத்துவிட்டால் ஆகஸ்டில் புத்தகங்களில் பூஞ்சணம் பூத்திருக்கும்.

புயலைவிடப் புயலுக்குப் பிந்தைய வருடம்தான் வேலைக்கு ஆபத்து. குடும்பங்கள் ஊரை விட்டுப் போனால் மாணவர் எண்ணிக்கை விழும், நிதி விழும், பணியிடம் விழும். 2018 அக்டோபரில் மைக்கேல் புயலுக்குப் பின் புளோரிடாவின் பே கவுண்டியில் ஒரே வளாகத்தை இரண்டு பள்ளிகள் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. 2005இல் கத்ரீனாவுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் 7,000க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அவசரத்துக்கான இருப்பு நிதி எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு மாவட்டத்தைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

வடமேற்கில் பயம் ஆழிப்பேரலை. வாஷிங்டன் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் ஒகோஸ்டா தொடக்கப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடக் கூரை ஏறக்குறைய 1,000 பேர் ஏறி நிற்கும்படி 2016இல் கட்டி முடிக்கப்பட்டது. வட அமெரிக்காவில் அப்படிப்பட்ட முதல் கட்டடம் அது. ஒரேகானின் சீசைடு ஊரில் பள்ளிகளை மேட்டுக்கு மாற்றக் கடன் பத்திரம் கேட்ட வாக்கெடுப்பு 2013இல் தோற்றது. 2016இல் 9.97 கோடி டாலருக்குக் கேட்டபோது ஜெயித்து, பள்ளிகள் குன்றின் மேல் மாறின. ஒரு ஊர் தன் பள்ளிக்காக வரி கட்டச் சம்மதிக்குமா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சேருவதற்கு முன் அந்த ஊரின் கடைசி இரண்டு மூன்று பள்ளி வாக்கெடுப்புகளின் முடிவைத் தேடிப் பார்ப்பது நல்லது. வாரிய உறுப்பினர்களின் பேச்சைக் கேட்பதைவிட அதில் அதிகம் தெரியும்.

சிறு மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வியை மறந்துவிடுகிறார்கள்: ஒரு நாளில் எத்தனை வெவ்வேறு பாடங்களுக்குத் தயாரிக்க வேண்டும்? பெரிய பள்ளியில் வேதியியல் ஆசிரியர் ஒரே பாடத்தை ஐந்து பிரிவுக்கு நடத்துவார். சிறு ஊரில் அவரே உயிரியல், இயற்பியல், எட்டாம் வகுப்பு அறிவியல் எல்லாம் நடத்துவார். நான்கு தயாரிப்பு என்றால் முதல் வருடம் வார இறுதி போய்விடும். ஆட்குறைப்பு வந்தால் பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போவார். கலிபோர்னியாவில் அதற்கான முன்னறிவிப்பு மார்ச் 15க்குள் கைக்கு வந்துவிட வேண்டும். நான்கு பாடத்துக்கும் சான்றிதழ் வைத்திருப்பவரின் பெயர் அந்தப் பட்டியலில் வருவது அரிது.