மரப்பட்டையில ஒரு பச்சைத் திட்டு

தண்ணி குடிக்கலாம்னு ஒரு மரத்துல சாஞ்சேன், பட்டை முழுக்க சாம்பல் பச்சையா திட்டுத் திட்டா ஏதோ ஒட்டியிருந்துச்சு.

லைக்கன்.

ஓரமெல்லாம் சுருண்டு, காஞ்ச இலை மாதிரி, தொட்டா சொரசொரன்னு இருக்கு. பூஞ்சையும் பாசியும் ஒண்ணா சேர்ந்து வாழுற உசுரு, வேர் கிடையாது, காத்துலயும் மழையிலயும் வர்றதை அப்படியே உறிஞ்சிக்கும், அதனால புகையில வர்ற கந்தக டை ஆக்சைடு கூடினாலே பல வகை செத்துப்போயிடும்.

சிட்டியை விட்டு ரெண்டு மணி நேரம்தான் வந்திருக்கோம். அங்க எங்க வீட்டு வாசல் மரத்துல இந்தத் திட்டு எதுவும் இல்லாம பட்டை மொட்டையா கருப்பா இருக்கும், அதுதான் பட்டையோட நிறம்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்.

பாப்பா தொட வந்தா. பிச்சிடாத கண்ணு, வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும்னேன். கையை எடுத்துட்டு, மூஞ்சியை மட்டும் கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னா.